உள்ளே போன கால் அங்குலம்

நம் இலக்கியக் கூட்டங்களில் ஒரு நாவலைக் கவிழ்க்க ஒரு வரி போதும். ‘ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கு.’ சொன்னவர் அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. கேட்டவரும் விளக்கம் கேட்பதில்லை. அத்தியாயங்கள் ஒன்றோடொன்று சேரவில்லை, சம்பவங்கள் துண்டு துண்டாக நிற்கின்றன, ஆசிரியர் கையில் கிடைத்ததையெல்லாம் கோத்துவிட்டார் என்று பொருள். மலேசியத் தோட்ட வாழ்க்கையைச் சொல்லும் நாவல்கள் மீது இந்தத் தீர்ப்பு விழுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

அதே உவமை அரசியல் மேடை ஏறினால் பாராட்டாகிவிடும். பல வண்ணத் துணிகள் சேர்ந்த ஒரே போர்வை நாம் என்று யாராவது பேசுவார்கள். எல்லாரும் கைதட்டுவார்கள். ஒரே பொருள், இலக்கியத்தில் வசை, அரசியலில் வாழ்த்து. இந்த இரண்டு தரப்பிலும் யாராவது, இரண்டு துண்டுத் துணியை எடுத்து ஒருமுறையாவது சேர்த்துத் தைத்திருப்பார்களா என்பது என் சந்தேகம்.

சந்தேகம் வரக் காரணம் உண்டு. கடந்த ஆண்டு நான் ஒரு சின்ன பேட்ச்வொர்க் போர்வை தைத்தேன். தைத்துக்கொண்டிருந்த வாரங்களில், போர்வையை நடுவில் வைத்து எழுதப்பட்ட இரண்டு அமெரிக்கக் கதைகளையும், 1942இல் சிங்கப்பூர்ச் சிறையில் தைக்கப்பட்ட மூன்று போர்வைகளின் கதையையும் திரும்பப் படித்தேன். தையல் தெரியாமல் படித்தபோது கண்ணில் படாத ஒன்று இப்போது பட்டது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஐந்தில் ஒரு பங்கு

கையால் செய்த பொருள்களை மாற்றிக்கொள்ளும் ஒரு சிறு வட்டம் அது. பன்னிரண்டு பேர். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று கலந்த கூட்டம். பெரும்பாலும் ஒருவருக்கொருவர் அறிமுகம் கிடையாது. யார் யாருக்குச் செய்வது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். அந்தமுறை பொருள், மடியில் விரிக்கும் அளவுக்கு ஒரு போர்வை. விதிகள் இரண்டு. சொந்தக் கையால் தைத்திருக்க வேண்டும். வீட்டில் ஏற்கெனவே உழைத்த துணி ஒன்றாவது அதில் இருக்க வேண்டும். எனக்கு விழுந்த சீட்டில் மலாக்காவில் இருக்கும் ஒரு சீனப் பெண்ணின் பெயர். தன்னைப் பற்றி அவர் எழுதியிருந்தது இரண்டே வரி. நீலம் பிடிக்கும். வீட்டில் பூனை இருக்கிறது, அதனால் அடிக்கடி துவைக்க முடிய வேண்டும்.

வேலையைத் தொடங்கினால் முதலில் வருவது கணக்குதான். ஐந்து அங்குலச் சதுரங்கள் 36. ஆறு வரிசை, வரிசைக்கு ஆறு. தைக்காமல் தரையில் பரப்பினால் பக்கத்துக்கு 30 அங்குலம். தைத்து முடித்து ஓரம் கட்டியபின் 27. மூன்று அங்குலம் எங்கே போனது? ஒவ்வொரு சதுரமும் நான்கு பக்கமும் கால் அங்குலத்தைத் தையலுக்குக் கொடுத்துவிட்டது. ஐந்து அங்குலமாக வெட்டிய துண்டு வெளியே நாலரை அங்குலமாகத்தான் தெரியும். பரப்பளவில் பார்த்தால் 25 சதுர அங்குலத்தில் 20.25 மட்டும் வெளியே. கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு உள்ளே போய்விடுகிறது. போர்வையைப் பிடித்து வைத்திருப்பது அந்த ஐந்தில் ஒரு பங்குதான். துணியை மிச்சம் பிடிக்கலாம் என்று கால் அங்குலத்துக்குப் பதில் அரைக்கால் அங்குலம் விட்டால், நாலு முறை துவைத்ததும் இழை உருவிக்கொண்டு துண்டு தனியாக வந்துவிடும்.

அளவும் ஒரே மாதிரி இருக்கணும். தச்சரும் கொத்தனாரும் ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ‘ஒரு நூல்’ என்பார்கள். ஒரு தையல் அரை நூல் கூடுதலாக உள்ளே போனால், சேர்கிற இரண்டு துண்டிலும் சேர்த்து ஒரு நூல் குறையும். வரிசைக்கு ஐந்து தையல். ஆக ஐந்து நூல். பக்கத்து வரிசை சரியான அளவில் இருந்தால் இந்த வரிசை அதற்குப் பொருந்தாது. மூலைகள் ஒன்றையொன்று தாண்டி நிற்கும். கண்ணுக்கே தெரியாத அரை நூல்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

மேடைப் பேச்சில் வரும் போர்வையில் இந்தக் கணக்கு வருவதே இல்லை. அங்கே வண்ணங்களை எண்ணுகிறார்கள். எந்தத் துண்டு எவ்வளவை உள்ளே கொடுத்தது என்று கேட்பதில்லை. என் போர்வையில் 36 துண்டும் ஒரே அளவு கொடுத்தன. நாட்டில் அப்படியா நடந்தது? தோட்டங்கள் துண்டாடப்பட்டு, விற்கப்பட்டு, லயத்தைவிட்டு வெளியேறிய குடும்பங்களைக் கேட்டால் வேறு அளவு சொல்வார்கள்.

வீட்டில் உழைத்த துணிக்கு நான் எடுத்தது பாட்டியின் சேலையை. பாட்டி பால்மரம் வெட்டியவர். வேலைக்குத் தாத்தாவின் பழைய முழுக்கைச் சட்டை. நீலப் பருத்திச் சேலை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும். அவர் போனபின் அம்மா அதை அலமாரியில் வைத்திருந்தார். நான் கேட்டபோது அம்மா திருப்பிக் கேட்டது ஒன்றுதான். ‘பாட்டி சேலைய யாருன்னே தெரியாதவங்களுக்கா வெட்டிக் குடுக்கப் போற?’

சட்டென்று பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வியாக அது படவில்லை. கதைகளிடம் திரும்பப் போனதற்கு அதுதான் காரணம்.

திருமதி ஹேலின் ஊசி

சூசன் கிளாஸ்பெல் 1916இல் ‘டிரைஃபில்ஸ்’ என்ற ஓரங்க நாடகத்தை எழுதினார். அடுத்த ஆண்டு அதையே ‘எ ஜூரி ஆஃப் ஹர் பியர்ஸ்’ என்ற சிறுகதையாக்கினார். அயோவா மாநிலத்தில் 1900இல் நடந்த ஒரு கொலை வழக்கைப் பற்றி, பத்திரிகை நிருபராக அவர் எழுதிய அனுபவம் அதன் பின்னால் இருக்கிறது.

கதை எளிமையானது. ஒரு பண்ணை வீட்டில், கழுத்தில் கயிறு இறுக்கப்பட்டுக் கணவன் செத்துக்கிடக்கிறான். மனைவி மின்னி சிறையில். கொலைக்கான நோக்கம் தெரியவில்லை. அரசு வழக்கறிஞரும் ஷெரிஃபும் தடயம் தேடி வீட்டுக்கு வருகிறார்கள். கூடவே இரண்டு பெண்கள்: பக்கத்துப் பண்ணையின் திருமதி ஹேல், ஷெரிஃபின் மனைவி திருமதி பீட்டர்ஸ். ஆண்கள் மாடியையும் களஞ்சியத்தையும் புரட்டுகிறார்கள். பெண்கள் சமையலறையில் நிற்கிறார்கள். அங்கே மின்னி பாதியில் விட்ட போர்வைத் துண்டுகள் கிடக்கின்றன. ‘லாக் கேபின்’ என்ற வடிவம். நடுவில் ஒரு சதுரம், சுற்றிலும் மெல்லிய பட்டைகள். இதை அவள் முழுக்கத் தைத்திருப்பாளா, இல்லை முடிச்சு மட்டும் போட்டிருப்பாளா என்று பெண்கள் பேசிக்கொள்கிறார்கள். காதில் விழுந்த ஆண்கள் சிரிக்கிறார்கள்.

தைத்த பிறகு எனக்கு அந்தக் கேள்வியே வேறாகக் கேட்டது. மேல்துணி, பஞ்சு, அடித்துணி என்று மூன்று அடுக்கு இருக்கிறது. முழுக்க ஓடுதையல் போட்டால் வாரக்கணக்கில் ஆகும். அங்கங்கே நூலைக் கோத்து முடிச்சுப் போட்டால் இரண்டு மாலைப் பொழுதில் முடிந்துவிடும். முழுக்கத் தைக்கிறவளுக்கு நேரம் இருக்கிறது, துணைக்கு ஆள் இருக்கிறது, முன்னால் வருடங்கள் இருக்கின்றன என்று அர்த்தம். முடிச்சுப் போடுகிறவளிடம் அவை இல்லை. பெண்கள் கேட்டது மின்னியின் வாழ்க்கையைப் பற்றி. ஆண்களுக்கு அது தையல் பேச்சு.

பிறகு திருமதி ஹேல் ஒரு துண்டைக் கையில் எடுக்கிறார். மற்ற எல்லாத் துண்டிலும் தையல் சீராக இருக்கிறது. இதில் மட்டும் தாறுமாறு. கை நடுங்கிய நாள் அது. தாறுமாறான தையலை அவர் பிரிக்கிறார், ஊசியில் நூல் கோக்கிறார், சீராகத் தைத்துவிடுகிறார். தடயம் போய்விட்டது. பின்னால் தையல் கூடையில், கழுத்து திருகப்பட்ட கேனரிப் பறவையைப் பட்டுத்துணியில் சுற்றியபடி கண்டெடுக்கிறார்கள். அதையும் மறைக்கிறார்கள். கடைசியில் வழக்கறிஞர் கிண்டலாக, எப்படி முடிப்பதாக இருந்தாள் என்று கேட்கும்போது ‘முடிச்சு’ என்ற பதிலோடு கதை நிற்கிறது. கயிற்றின் முடிச்சும் அதில் இருக்கிறது.

இந்தக் கதையைப் பெண்ணியக் கதை என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார்கள். சரிதான். ஆனால் விமர்சனம் எழுதுகிறவர்களுக்கு இதில் இன்னொரு கேள்வி இருக்கிறது. திருமதி ஹேல்தான் கதையின் சிறந்த வாசகி. படித்தவுடன் அவர் என்ன செய்கிறார்? படித்ததை அழிக்கிறார். புரிந்துகொண்டதை யாரிடமும் ஒப்படைக்க மறுக்கிறார். எழுத்தாளர் மறைத்ததை வெளியே இழுத்துப் போடுவதுதான் விமர்சனம் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது ஷெரிஃபின் வேலை.

இன்னொன்றும் பாருங்கள். நாடகத்தில் மின்னி மேடைக்கு வருவதே இல்லை. ஒரு வசனம்கூட அவளுக்குக் கிடையாது. அவளுடைய நாற்காலி, அடுப்பு, பழப்பாகு ஜாடிகள், தையல் கூடை மட்டும். நாடகம் முழுவதையும் தாங்கிப் பிடிப்பவள் உள்ளே போய்விட்டாள். அவளை ஒரு காட்சியிலாவது கொண்டுவந்து அழவைத்திருந்தால் நாடகம் பிரிந்துபோயிருக்கும்.

வாங்கெரோ கேட்டது

ஆலிஸ் வாக்கரின் ‘எவ்ரிடே யூஸ்’ 1973இல் வந்தது. தாய்தான் கதை சொல்கிறாள். இரண்டு மகள்கள். படித்து வெளியே போன மூத்தவள் டீ, அந்தப் பெயரை உதறிவிட்டு வாங்கெரோ என்ற புதுப்பெயரோடு வீட்டுக்கு வருகிறாள். அவள் விருப்பப்படியே நானும் வாங்கெரோ என்று சொல்கிறேன். தீக்காயத் தழும்போடு வீட்டிலேயே இருப்பவள் இளையவள் மேகி. பாட்டி துண்டுகளைச் சேர்த்து, பிறகு தாயும் பெரியம்மாவும் சட்டத்தில் மாட்டித் தைத்து முடித்த இரண்டு போர்வைகளை வாங்கெரோ கேட்கிறாள். அவற்றில் பாட்டியின் உடுப்புகள், தாத்தாவின் சட்டைகள், உள்நாட்டுப் போரில் கொள்ளுத்தாத்தா போட்டிருந்த சீருடையிலிருந்து தீப்பெட்டி அளவுக்கு ஒரு நீலத் துண்டு. அவை மேகியின் கல்யாணத்துக்கு என்று தாய் ஏற்கெனவே சொல்லி வைத்தது. மேகியிடம் கொடுத்தால் தினமும் படுத்துக் கிழித்துவிடுவாள், நான் சுவரில் மாட்டுவேன் என்கிறாள் வாங்கெரோ. தாய் போர்வைகளைப் பிடுங்கி மேகியின் மடியில் போடுகிறாள்.

முதலில் படித்தபோது நான் மேகியின் பக்கம். எல்லாரும் அப்படித்தான். வாக்கர் நம்மை வேறெங்கும் நிற்க விடுவதில்லை. வாங்கெரோவின் உடை, நகை, அவள் எடுக்கும் புகைப்படங்கள் எல்லாம் அவளுக்கு எதிராகவே அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த அடுக்கில் கொஞ்சம் அவசரம் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. ஏனென்றால் வாங்கெரோ சொல்வதில் உண்மை உண்டு. தினமும் பயன்படுத்தினால் ஐந்து வருடத்தில் கந்தல்தான். உலகத்தில் இன்று நாம் போய்ப் பார்க்கக்கூடிய பழைய போர்வை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வாங்கெரோவால் தப்பித்தது.

அலபாமாவின் கீஸ் பெண்ட் கிராமத்துக் கறுப்பினப் பெண்கள் தைத்த போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும், பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் சுவரில் தொங்கின. நவீன ஓவியங்கள் என்று கொண்டாடினார்கள். அவற்றில் ஒன்றை மிசூரி பெட்வே 1942இல் தைத்தார். கணவர் இறந்தபின் அவருடைய வேலை உடுப்புகளைக் கிழித்து, அதற்குள் படுத்துக்கொள்வதற்காகத் தைத்தது. வெளுத்த இடமும் வெளுக்காத இடமும் அந்த உடம்பு உழைத்த விதத்தைக் காட்டும். சுவரில் மாட்டியதால்தான் அந்தப் பெயர் நம்வரை வந்தது. அதை நன்றியோடு சொல்லத்தான் வேண்டும்.

அப்படியானால் வாங்கெரோவிடம் குறை என்ன? அவள் துண்டுகளைப் படிக்கிறாள். இது யார் சட்டை, இது எந்தப் போர் என்று. தாய் வேறு போர்வைகளைத் தருகிறேன் என்றபோது அவற்றின் ஓரம் மெஷினில் தைத்தது என்று ஒதுக்குகிறாள். கைத்தையல் மேல் அவ்வளவு மரியாதை. ஆனால் அவளுக்குத் தைக்கத் தெரியாது. மேகிக்குத் தெரியும். போர்வை கிழிந்தால் மேகி இன்னொன்று தைப்பாள் என்று தாய் சொல்கிற இடம்தான் கதையின் முதுகெலும்பு. மரபு அந்தத் துணியில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு மேகியின் விரலிலும் இருக்கிறது. துணிதான் தீரும்.

நான் சேலையை வெட்டினேன். யாரிடம் போகிறது என்பதைவிட, வெட்டிச் சேர்க்கும் வேலை என் கைக்கு வருகிறதா என்பதே பெரிதாகத் தெரிந்தது. அம்மா சம்மதம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கத்தரியை எடுத்தபோது பக்கத்தில் வந்து நின்றார். ‘அப்படியே வெட்டாத. பழைய துணி இழுத்துக்கிட்டுப் போகும். கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு அப்புறம் வெட்டு. சாயம் போகுதான்னு முதல்ல பாரு.’ பாட்டி பழைய சேலைகளை நாலாக மடித்து ஓடுதையல் போட்டு விரிப்பு தைப்பாராம். அதை அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார். அலமாரியில் சேலை முழுசாக மடிந்திருந்தவரை அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எழுந்ததே இல்லை.

அறுபத்தாறு சதுரம்

இந்த வாசிப்பை நம் ஊருக்குக் கொண்டுவருகிறேன். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. ஐரோப்பியப் பொதுமக்கள் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்களும் குழந்தைகளும் இன்னொரு பக்கம். நடுவில் சுவர். யார் உயிரோடு இருக்கிறார், யார் இல்லை என்று தெரியாது. செஞ்சிலுவைச் சங்கப் பிரதிநிதியாக இருந்த கனடியப் பெண் எத்தல் முல்வனி ஒரு யோசனை சொன்னார். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஆறு அங்குலச் சதுரத் துணி. அதில் தன்னைப் பற்றிய ஏதாவதொன்றைத் தைத்து, தன் பெயரையும் தைக்க வேண்டும். 66 சதுரம் சேர்ந்தால் ஒரு போர்வை. ராணுவக் கைதிகளின் மருத்துவமனையில் காயம்பட்டுக் கிடப்பவர்களுக்கு அனுப்புவது.

மூன்று போர்வைகள் தைக்கப்பட்டன. ஒன்று பிரிட்டிஷ் வீரர்களுக்கு, ஒன்று ஆஸ்திரேலியர்களுக்கு. மூன்றாவது, காயம்பட்ட ஜப்பானிய வீரர்களுக்கு. இன்று ஆஸ்திரேலியப் போர்வையும் ஜப்பானியப் போர்வையும் கான்பெராவின் போர் நினைவகத்தில் இருக்கின்றன. பிரிட்டிஷ் போர்வை லண்டனில், செஞ்சிலுவைச் சங்கத்திடம். அதே சிறையில் இருந்த சிறுமிகள் தங்கள் சாரணர் தலைவி எலிசபெத் என்னிஸின் பிறந்தநாளுக்கென்று, கிடைத்த கிழிசல்களை அறுகோணமாக வெட்டி ரகசியமாகத் தைத்த இன்னொரு போர்வையும் உண்டு. அது லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் ஒரு சதுரத்தைத் தவறாமல் காட்டுவார்கள். ஒரு முயல் குடும்பம். குட்டிக்கு நீல ரிப்பன். சிறைக்குள் பிள்ளை பெற்ற பெண், ஆண்பிள்ளைதான் என்று கணவனுக்குச் சொன்ன செய்தி. காவலருக்குப் புரியாத சங்கேதம். கேட்டதும் மனசு இளகிவிடும். அதில் தப்பில்லை. ஆனால் இப்படிச் சொல்லிச் சொல்லியே போர்வை ஒரு துப்பறியும் கதையாகிவிடுகிறது. சங்கேதம் இருக்கும் சதுரம் முக்கியமானதாகவும், வெறும் பூ தைத்த சதுரம் நிரப்புத் துணியாகவும் ஆகிவிடுகின்றன. வாங்கெரோவின் வாசிப்புதான் இதுவும்.

பூவைத் தைத்தவளும் தன் பெயரைத் தைத்திருக்கிறாள். எல்லாருக்கும் தெரியும்படி, ஒளிக்காமல். மருத்துவமனையில் படுத்திருக்கும் ஒருவர் அந்தப் பெயரைப் பார்த்தால் அவள் உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்துவிடும். அந்தப் போர்வையின் ஆகப்பெரிய செய்தி எந்தச் சங்கேதத்திலும் இல்லை. காவலர் கண்முன்னே கையெழுத்தாகப் போயிருக்கிறது.

மூன்றாவது போர்வையை என்ன செய்வது? அது தளபதியின் அனுமதியைப் பெறுவதற்காக என்று சொல்வார்கள். உத்தி என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். அதில் பூக்களே அதிகம், சொந்தக் கதைகள் குறைவு என்பதையும் சான்றாகக் காட்டலாம். ஆனால் கணக்கைப் பாருங்கள். அதே ஆறு அங்குலம். அதே 66. பட்டினியும் இடநெருக்கடியுமாக இருந்த இடத்தில், தங்களை அடைத்து வைத்தவர்களின் படைவீரனுக்காக 66 சதுரத்தை உட்கார்ந்து தைத்திருக்கிறார்கள். அந்தப் பெண்களின் மனதில் இரக்கம் இருந்ததா, வெறுப்பு இருந்ததா என்று தையலை வைத்துச் சொல்லிவிட முடியாது. திருமதி ஹேல் காட்டியதுபோல, தையலால் பொய்யும் சொல்லலாம். ஒன்று மட்டும் நிச்சயம். தங்கள் ஆட்களுக்கு இரண்டு போர்வை போய்ச்சேர, எதிரிக்கு ஒன்று உள்ளே போக வேண்டியிருந்தது. கதை சொல்லும்போது நாம் மடித்து மறைத்துவிடுவது அந்த மூன்றாவதைத்தான். மற்ற இரண்டையும் சுவருக்கு அப்பால் கொண்டுபோனதும் அதுதான்.

இந்தப் போர்வைகளில் தமிழ்ப் பெண்களின் சதுரம் இல்லை. அந்தச் சிறை அவர்களுக்கானதாக இருக்கவில்லை. அதே ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் சயாம் – பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். தோட்டத்தில் மிஞ்சியவர்களுக்கு உடுத்தத் துணியில்லை. ‘ஜப்பான்காரன் காலத்துல சாக்குதான் உடுப்பு’ என்று பாட்டி சொல்வார். அந்தச் சாக்கு எந்த அருங்காட்சியகத்தின் சுவரிலும் தொங்கி நான் பார்த்ததில்லை. பெயர் தைத்த ஆறு அங்குலம் நம்மிடம் இல்லை. நம்மிடம் இருப்பவை ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ போன்ற நாவல்கள். ஒருவர் சொன்ன சம்பவம், இன்னொருவர் வீட்டில் கேட்ட பேச்சு, திரும்பி வராத ஒருவரின் பெயர் என்று துண்டுகளாகத்தான் அந்தக் காலம் ஓர் எழுத்தாளரிடம் வந்துசேரும். வேறெப்படி வரும்?

தையலைப் பார்ப்பது

இதனால் ஒட்டுப்போட்ட நாவல்களெல்லாம் நல்ல நாவல்கள் என்று ஆகிவிடாது. மோசமாகத் தைத்த போர்வைகள் உண்டு. கையில் இருந்த எல்லாத் துண்டையும் முழுசாகக் காட்டிவிட வேண்டும் என்ற ஆசையில், தையலுக்கு இடமே விடாமல் சேர்த்த நாவல்களை நானும் படித்திருக்கிறேன். சேகரித்த தகவலில் ஒரு நூலைக்கூட உள்ளே கொடுக்க ஆசிரியருக்கு மனம் வரவில்லை. அவை இரண்டாவது வாசிப்பிலேயே பிரிந்துவிடுகின்றன. அவற்றைப் பிரிந்தவை என்றே சொல்ல வேண்டும்.

நான் கேட்பது, அந்தத் தீர்ப்புக்கு முன் துணியைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பதுதான். இது துண்டு துண்டாக இருக்கிறதா என்ற கேள்வி பயனற்றது. எல்லாப் படைப்பும் அப்படித்தான். இரண்டு அத்தியாயம் சேரும் இடத்தில் எது உள்ளே போயிருக்கிறது, மின்னியைப் போல? அது எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்கிறதா, இல்லை ஓரிடத்தில் அரை நூல் இழுத்து, அந்த இழுப்பே ஏதாவது சொல்கிறதா? இதை யார் போர்த்திக்கொள்ளப் போகிறார்கள்?

கடைசிக் கேள்வியை நாம் கேட்பதே இல்லை. எழுத்தாளர் தனக்காக எழுதுகிறார் என்று சொல்லிப் பழகிவிட்டோம். முன்பின் தெரியாத ஒருவருக்காகத் தைக்கும்போது அந்தப் பேச்சு நிற்காது. நீலம் பிடிக்கும் என்ற வரி வண்ணத்தைத்தான் முடிவு செய்தது. பூனை இருக்கிறது என்ற வரி துணியின் ரகத்தை, தையலின் நெருக்கத்தை, எவ்வளவு உள்ளே விட வேண்டும் என்பதை எல்லாம் முடிவு செய்தது. முகம் தெரியாத வாசகரை நினைத்து எழுதுவது வேறு, அவருக்குப் பிடித்த மாதிரி எழுதிக்கொடுப்பது வேறு. முதலாவதில் அவர் கையில் போனபின் அது தாங்குமா என்ற கவலை இருக்கிறது.

கான்பெராவில் இருக்கும் ஜப்பானியப் போர்வையின் பின்புறத்தில் ஒரு குறிப்பைத் தைத்து வைத்திருக்கிறார்கள். காயம்பட்ட வீரர்களுக்குச் சாங்கிப் பெண்கள் அனுதாபத்தோடு தருவது என்று தொடங்கும். போர் முடிந்ததும் இதை ஜப்பானியச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று தொடரும். கடைசியில், இந்தப் போர்வையை டிரை கிளீன் செய்வது நல்லது என்று ஓர் ஆலோசனை. நாளைக்கு இருப்போமா என்று தெரியாமல் சிறைக்குள் கிடந்தவர்கள், போர் முடிந்த பிறகு எதிரி தேசத்தில் யாரோ ஒருவர் அதை வெளுக்கப் போடும் நாளை யோசித்து, அதற்கும் நூலைச் செலவழித்திருக்கிறார்கள்.